சிசிரிஸ் அறிக்கையின் பன்னிரண்டு கட்டங்கள்

கிள்ளான் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரு வருஷமாகக் கார் கடனை மாதம் தவறாமல் கட்டி வருகிறேன். ஆனாலும் வீட்டுக் கடன் கிடைக்கவில்லை. என் பெயர் கருப்புப் பட்டியலில் ஏறிவிட்டதா?"

அப்படி ஒரு பட்டியல் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிடம் இல்லை. இருப்பது சிசிரிஸ் என்ற பதிவேடு. 2001இல் வந்தது. வங்கிகள் மாதாமாதம் அனுப்பும் கடன் கணக்கை அது காட்டுமே தவிர, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று சொல்லாது. அந்த முடிவு வங்கியுடையது.

அது தரும் அறிக்கையில் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது பன்னிரண்டு கட்டங்களை. ஒவ்வொரு கடனுக்கும் மாதத்துக்கு ஒரு கட்டம், அதில் ஓர் எண். பூஜ்யம் என்றால் பாக்கி இல்லை. 2 என்றால் இரண்டு தவணை பாக்கி. வாசகரின் சிக்கல் இங்கேதான் இருக்கக்கூடும். மாதத் தவணை 600 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமும் கட்டவில்லை. மே முதல் ஒழுங்காக 600 கட்டுகிறீர்கள். மே மாதப் பணம் மார்ச் பாக்கிக்குப் போகும். அதற்குள் மே தவணை பாக்கியாகிவிடும். ஆகவே மேயிலும் 2, ஜூனிலும் 2, வருஷம் முழுக்க 2.

எங்கள் தோட்டத்தில் காலைப் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவார். நேற்று வராதவர் இன்று வந்தால் இன்றைய பேர் விழுந்துவிடும். சிசிரிஸ் அப்படியல்ல. நேற்றைய வேலையையும் சேர்த்துச் செய்து முடிக்கும்வரை அது பேர் போடாது.

அந்த 1,200 வெள்ளியையும் தாமதக் கட்டணத்தையும் அந்த மாதத் தவணையோடு ஒருமுறை சேர்த்துக் கட்டுங்கள். அந்த மாதமே பூஜ்யம் விழும். பிறகு மாதம் ஒன்றாகப் பழைய எண்கள் பின்னால் உதிர்ந்து, பன்னிரண்டு மாதத்தில் கட்டங்கள் முழுக்கப் பூஜ்யமாகும். மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி விழ மட்டும் விடாதீர்கள். வங்கி அதை வாராக் கடனாகக் கருதத் தொடங்கும். வங்கிகள் தனியார் நிறுவனமான சிடோஸின் அறிக்கையையும் பார்க்கும். அதில் பதிவான பழைய வழக்கு ஒன்று தீர்ந்திருந்தால், தீர்ந்ததற்கான கடிதத்தை அங்கே கொடுத்துப் பதிவைத் திருத்த வேண்டியது நீங்கள்தான்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மாமாவுக்குக் கார், நண்பனுக்கு மோட்டார் சைக்கிள் என்று கேட்டால், வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளையின் பெயரில் கடன் எடுத்துக் கொடுப்போம். வண்டியை ஓட்டுவது ஒருவர், எண் விழுவது இன்னொருவர் கட்டத்தில். முப்பது வயதில் வீடு கேட்டுப் போகும்போதுதான் பிள்ளைக்கே அது தெரியவருகிறது. பாசத்தின் பேரில் நடக்கும் இந்த அநியாயத்தைப் பெற்றோர்தான் நிறுத்த வேண்டும்.

பெயரைச் சுத்தம் செய்து தருவதாகக் காசு கேட்பவர்களிடம் போகாதீர்கள். உண்மையான பதிவை யாரும் அழிக்க முடியாது. கடன் சுமை மீறிவிட்டால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தந்து, வங்கிகளிடம் பேசித் தவணையை மாற்றியமைக்க உதவும். சிசிரிஸ் அறிக்கைக்கும் காசு கிடையாது; இணையத்திலேயே எடுக்கலாம். வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதை எடுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களே படித்துப் பாருங்கள்.