மாண்ட்ரியலில் பைக் ஓட்டலாமா?

கோடையில் கனடாவின் மாண்ட்ரியலுக்குச் சுற்றுலா போகிறீர்களா? அங்கே பைக் ஓட்ட ஆசையா? சுற்றுலாப் பயணிக்குக் கியூபெக் மாகாண ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. ஆனால் நம் ஊர் உரிமத்தோடு 6 மாதம் வரை ஓட்டலாம். அந்த உரிமம் பைக்குக்கும் சேர்த்து எடுத்ததா என்று பாருங்கள். கார் உரிமம் மட்டும் போதாது. புறப்படும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்வது நல்லது. ஹெல்மெட் கட்டாயம். அங்கே சாலையின் வலப்பக்கம்தான் போகவேண்டும்; முதல் நாள் மிகவும் கவனம்! கியூபெக்கின் மற்ற ஊர்களில் சிவப்பு விளக்கில் நின்று பார்த்து வலப்புறம் திரும்பப் பெரும்பாலும் அனுமதி உண்டு. மாண்ட்ரியல் தீவில் கூடாது. எட்டுமூலைச் சிவப்புப் பலகையில் பிரெஞ்சில் 'அரே' என்றிருந்தால், வண்டியை முழுதாக நிறுத்துங்கள்.