லாபம் பார்க்காத அரங்கம், சம்பளம் இல்லாத ஓராண்டு: கொரோனா காலத்தில் நியூயார்க் ஓபராவில் நடந்தது என்ன?

2020 மார்ச் 12. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா, சுருக்கமாக 'மெட்', தன் கதவுகளை மூடியது. சுமார் 3,800 பேர் உட்காரக்கூடிய அரங்கம் அது. முதலில் மார்ச் 31 வரைக்கும்தான் ரத்து என்றார்கள். ஆனால் ரசிகர்கள் திரும்ப உள்ளே வந்தபோது 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. இந்த ஒன்றரை வருடத்தில் இழந்த வருமானம் 15 கோடி டாலருக்கும் மேல்.

1883 முதல் இயங்கிவரும், அமெரிக்காவின் மிகப்பெரிய மேடைக்கலை அமைப்புகளில் ஒன்று இது. பெரிய பணக்காரர்கள் நன்கொடை தருகிறார்கள். அப்படியும் ஏன் தடுமாறியது?

லாப நோக்கமற்ற அமைப்புன்னா என்ன?

டிக்கெட் இலவசம் என்று அர்த்தம் இல்லை. மிச்சமாகும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ள உரிமையாளர்கள் கிடையாது, அவ்வளவுதான். பணம் மிஞ்சினால் அடுத்த நிகழ்ச்சிக்கே போய்விடும்.

ஆனால் பெரும்பாலும் மிஞ்சுவதே இல்லை. ஓபரா என்பது பெரும்பாலும் பாட்டாகவே நடக்கும் நாடகம். மேடையில் பாடகர்கள், கீழே இசைக்குழு, பின்னால் செட், உடை, லைட்டிங் ஆட்கள் என ஒரே இரவுக்கு நூற்றுக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். டிக்கெட் பணம் செலவில் பாதியைக்கூட ஈடுகட்டாது. மீதியைப் பெரும்பாலும் நன்கொடைதான் தாங்குகிறது.

டிக்கெட் விலையை ஏத்தினா போதாதா?

போதாது. 1966-ல் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதற்குக் காரணம் சொன்னார்கள். ஃபேக்டரியில் மெஷின் வந்தால் பத்து பேர் வேலையை இரண்டு பேர் முடிப்பார்கள். ஆனால் நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கு 200 வருடம் முன்பும் நாலு பேர், இன்றைக்கும் நாலு பேர். நேரமும் குறையாது. மற்ற துறைகளில் சம்பளம் ஏறும்போது கலைஞர்களுக்கும் ஏற்றியாக வேண்டும். அதனால் செலவு எப்போதும் வரவை முந்திக்கொண்டே போகும். கொரோனா வருவதற்கு முன்பே இருந்த ஓட்டை இது.

சேமிப்பு இருந்திருக்குமே?

இருந்தது. இதை 'எண்டோமென்ட்' என்பார்கள். நன்கொடையாளர்கள் தரும் நிரந்தர நிதி. 2022 இறுதியில் மெட்டிடம் இருந்த இந்த நிதியின் மதிப்பு சுமார் 30 கோடி டாலர். கேட்க பெரிய தொகைதான். ஆனால் மெட்டின் ஒரு வருடச் செலவே கிட்டத்தட்ட அவ்வளவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. இது நம்ம சேவிங்ஸ் அக்கவுன்ட் மாதிரி நினைத்தபோது எடுக்கும் பணம் இல்லை. 'இந்தப் பணம் இந்த வேலைக்கு மட்டும்' என்று கொடுத்தவர் நிபந்தனை போட்டிருப்பார். பொதுவாக வருடத்துக்கு 5 சதவீதம் வரைதான் எடுப்பார்கள். அசலைத் தொட்டால் அடுத்த வருட வருமானமும் குறையும்.

அப்போ சுமையைத் தாங்கியது யார்?

தொழிலாளர்கள். 2020 ஏப்ரல் முதல் இசைக்குழு, கோரஸ் பாடகர்கள், மேடைப் பணியாளர்கள் எனச் சுமார் 1,000 பேர் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். மருத்துவக் காப்பீடு மட்டும் தொடர்ந்தது. நகரின் மற்ற அரங்கங்களும் மூடியிருந்ததால் வெளியே போய் வாசித்துச் சம்பாதிக்கவும் வழியில்லை.

நிர்வாகம் பிறகு ஒரு தற்காலிகத் தொகை தர முன்வந்தது. அதற்குப் பதிலாகச் சம்பளக் குறைப்பு பற்றிப் பேச வர வேண்டும் என்றது. இசைக்குழு அதை ஏற்றது 2021 மார்ச்சில். அதாவது கிட்டத்தட்ட ஒரு வருடம் கையில் சம்பளமே இல்லை. அதற்குள் 97 பேரில் 10 பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். வாடகை கட்ட முடியாமல் பலர் நியூயார்க்கை விட்டே கிளம்பினார்கள். கடைசியில் 3.7 சதவீதச் சம்பளக் குறைப்புடன் ஒப்பந்தம் முடிந்தது.

ஆன்லைன் கைகொடுக்கலையா?

மூடிய நான்கே நாளில், பழைய நிகழ்ச்சிப் பதிவுகளைத் தினமும் இலவசமாக ஸ்ட்ரீம் செய்ய ஆரம்பித்தார்கள். உலகம் முழுக்கப் பார்த்தார்கள், நன்கொடையும் வந்தது. ஆனால் டிக்கெட் வருமானம் விட்டுப்போன இடத்தை அது நிரப்பவில்லை. அதைவிட முக்கியம், பழைய பதிவு ஓடினால் இன்றைக்கு வாசிக்க வேண்டியவருக்கு வேலை கிடைக்காது.

அரசு உதவி?

மூடப்பட்ட அரங்கங்களுக்காக அமெரிக்க அரசு 1,600 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. சட்டம் வந்தது 2020 டிசம்பரில். விண்ணப்ப இணையதளம் திறந்தது 2021 ஏப்ரல் 8-ல். அன்றைக்கே டெக்னிக்கல் கோளாறில் முடங்கி, இரண்டரை வாரம் கழித்துத்தான் மீண்டது. ஓர் அமைப்புக்கு அதிகபட்சம் 1 கோடி டாலர் என்ற வரம்பும் இருந்தது. சின்ன அரங்கங்களுக்கு அது உயிர் கொடுக்கும் தொகை. 15 கோடி இழந்த இடத்துக்கு?

திறந்ததும் சரியாகிவிட்டதா?

இல்லை. கொரோனாவுக்கு முன் இருக்கைகளில் சுமார் 75 சதவீதம் நிரம்பும். 2022-23 சீசனில் அது 66 சதவீதம்தான். 2022 டிசம்பரில் மெட், தொடக்கூடாது என்று காத்த நிதியில் இருந்து 3 கோடி டாலர் வரை எடுப்பதாகவும், அடுத்த சீசனில் நிகழ்ச்சிகளை 10 சதவீதம் குறைப்பதாகவும் அறிவித்தது. 2024 ஜனவரியில் மேலும் சுமார் 4 கோடி டாலர் எடுத்த செய்தி வந்தது.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. நிகழ்ச்சியே நடக்காத 2020-ல் இசைக்கலைஞர்களுக்குச் சம்பளம் நின்றது. எதிர்காலத்துக்கான அந்த நிதியில் பெரிய தொகையாகக் கை வைத்தது, அரங்கம் திறந்து டிக்கெட் விற்காதபோதுதான். கலை அமைப்புக்கு நன்கொடை தருபவர்கள் பெரும்பாலும் கட்டடத்தையும் புதுத் தயாரிப்பையும் நினைத்துத்தான் தருகிறார்கள். அரங்கம் மூடினால் கலைஞருக்கு ஆறு மாதச் சம்பளம் என்று ஒரு தனி நிதி இருந்திருந்தால், அந்தப் 10 பேரில் சிலராவது இன்னும் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.