படம் சொல்லாத வலி
இடுப்பில் பிடித்துக் காலுக்கு இறங்கும் வலிக்கு ஸ்கேனைவிட டாக்டரின் கட்டில் அதிகம் சொல்கிறது

பெங்களூருக்குத் தெற்கே, ஜிகணி அருகே இருக்கிறது பிரசாந்தி குடீரம். எஸ்-வியாசா யோகா பல்கலைக்கழகத்தின் வளாகம். நாள்பட்ட இடுப்பு வலியால் அவதிப்பட்ட 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு வாரம் அங்கேயே தங்க வைத்தார்கள். வலி காலுக்குப் பரவியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு ஆசனம், பிராணாயாமம், தியானம். மற்றதற்குச் சாதாரண உடற்பயிற்சி. முடிவுகள் 2008இல் வெளியாயின. யோகா பிரிவினருக்கு அன்றாட வேலைகளில் இருந்த முடக்கம் கூடுதலாகக் குறைந்திருந்தது. முதுகும் நன்றாக வளைந்தது. நல்ல செய்திதான். ஆனால் இது ஏழாம் நாள் கணக்கு. பஸ், பைக், ஆபீஸ் நாற்காலி, வீட்டு வேலை எதுவும் இல்லாத ஏழு நாள்.

நகருக்குள் கதை வேறு. இடுப்பில் பிடித்து, பிட்டம் வழியாகக் கெண்டைக்காலுக்கு மின்னல் போல வலி ஓடியதும் பலர் முதலில் தேடுவது எம்ஆர்ஐ ஸ்கேன் மையத்தை. கையில் கிடைக்கும் அறிக்கையில் 'டிஸ்க் பிதுங்கல்', 'தேய்மானம்' என்று எழுதியிருக்கும். வலியைவிட அந்தக் காகிதம் அதிகம் பயமுறுத்துகிறது. 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது: வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். தலை நரைப்பது மாதிரிதான் இதுவும்.

டிஸ்குக்கும் கால் வலிக்கும் உள்ள உறவை 1934இல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு டாக்டர்கள் நிலைநாட்டினார்கள். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்கின் வெளிவளையம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் வெளியே வந்து நரம்பின் வேரை அழுத்துகிறது. அழுத்தம் மட்டுமல்ல, அந்தக் கூழ் நரம்பைப் புண்படுத்தி வீங்கவும் வைக்கிறது. பெரும்பாலும் அடிபடுவது இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகள். வலி முழங்காலுக்குக் கீழே இறங்குவது அதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டிலும் ரிஃப்ளெக்ஸ் பார்க்கும் சிறு சுத்தியலும் போதும். மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கும்போது வலி கீழே சுரீரென்று இறங்குகிறதா? கட்டைவிரலை மேலே தூக்க முடிகிறதா? நுனிக்காலில் நிற்க முடிகிறதா? குதிகால் தசைநாரைத் தட்டினால் பாதம் துள்ளுகிறதா? எந்த நரம்பு என்பது பத்து நிமிடத்தில் ஏறக்குறையப் புரிந்துவிடும். வயதானவர்கள் சொல்லும் கதை வேறு. நடந்தால் இரண்டு காலும் கனக்கும், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகும். இது தண்டுவடக் குழாய் குறுகியதன் அடையாளம். நின்றாலே வலி போய்விட்டால் ரத்தக் குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு உள்ளங்காலும் எரிந்தால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு சந்தேகத்தை மறக்கவே கூடாது: முதுகெலும்புக் காசநோய். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது எல்லாம் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்.

இவை இல்லாதவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி தணிகிறது. வெளியே வந்த கூழை உடலே கரைத்துக்கொள்வதும் உண்டு. முன்பெல்லாம் வாரக் கணக்கில் படுக்கையில் போட்டார்கள். இப்போது முடிந்தவரை நடக்கச் சொல்கிறார்கள். மருந்துகளில் அதிசயம் எதுவும் இல்லை. இந்த வலிக்குத் தாராளமாக எழுதித் தரப்படும் பிரிகாபலின், 2017இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதிக்கப்பட்டபோது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. தலைசுற்றல் மட்டும் அதிகமானது. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரம் நிம்மதி தருகிறது. நாள்பட்ட சாதாரண இடுப்பு வலிக்கு பெல்ட்டும் வேண்டாம், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொன்னது.

ஆபரேஷன்? 6 முதல் 12 வாரம் வரை கடும் கால் வலியில் தவித்த 283 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. சீக்கிரம் ஆபரேஷன் என்று ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் 4 வாரத்தில் குணமானார்கள். காத்திருக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அது 12 வாரம் ஆனது. அவர்களிலும் 39 சதவீதம் பேர் தாங்காமல் கத்திக்குப் போனார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேருக்குக் குணம்.

வித்தியாசம் எட்டு வாரம். ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் லீவு போட்டோ வீட்டிலிருந்தே வேலை செய்தோ அதைக் கடந்துவிடலாம். கலாசிபாளையத்தில் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறவருக்கு அது எட்டு வாரக் கூலி.