கணினிக் கல்வியில் கையும் கருத்தும்

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில், நிலாவெளிக்கு அப்பால் அமைந்துள்ள ஊர் குச்சவெளி. மீன்பிடியும் பயிர்ச்செய்கையும் அப்பகுதி மக்களின் பழந்தொழில்கள். கடலையடுத்த பாறையொன்றிலே வடமொழிக் கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. நெடும்போரும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையும் அக்கரையைப் பெரிதும் வருத்தின. இத்தகையதோர் ஊரில் ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை பயிலும் இளஞ்சிறார்க்குக் கணினியை எங்ஙனம் கற்பித்தல் தகும் என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

இலங்கையில் கணினிக் கல்வி வேரூன்றுதற்குப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க ஆற்றிய பணி பெரிது. 1983இல் தேசியக் கணினிக் கொள்கை வகுக்கப்பெற்றது. 1987இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கணினித் தொழில்நுட்ப நிறுவனம் தோன்றிற்று. 2005 முதல் 'நெனசல' என்னும் அறிவு நிலையங்கள் கிராமங்களை நாடிச் சென்றன. இன்று தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஆறாந் தரம் முதலே ஒரு பாடமாக விளங்குகின்றது. எனினும், பாடம் எங்கும் ஒன்றாயிருப்பினும் வசதி எங்கும் ஒன்றாயில்லை. 2020 மார்ச்சு மாதத்தில் தொற்றுநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. அதன் பின்னர், இணைய அலை கிட்டாத சிற்றூர்களிற் பிள்ளைகள் பாறைகளின்மீதும் மரங்களின்மீதும் ஏறிப் பாடங் கேட்ட செய்தியை நாடறியும்.

கருவிகள் குறைவாயுள்ள இடத்தில் கணினிக் கல்வி இயலாதென்று கூறுதல் பொருந்தாது. நியூசிலாந்தில் திம் பெல் முதலிய அறிஞர் 1990களில், கணினியின்றியே கணினியின் அடிப்படைகளைக் கற்பிக்கும் முறையொன்றை வகுத்தனர். அம்முறையைக் கடற்கரைச் சிப்பி கொண்டும் செய்து காட்டலாம். ஐந்து சிப்பிகளை வரிசையாக வைத்து அவற்றுக்கு இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 என மதிப்பிடுக. நிமிர்ந்த சிப்பியின் மதிப்பைக் கூட்டுக, கவிழ்ந்ததை விட்டுவிடுக. முதலாவதும் நான்காவதும் ஐந்தாவதும் நிமிர்ந்திருப்பின் தொகை 19. ஐந்தும் நிமிர்ந்திருப்பின் 31. 'உண்டு', 'இல்லை' என்னும் இரு நிலைகளாலேயே எவ்வெண்ணையும் குறிக்கலாம் என்பதை மாணவன் தன் கையாலேயே கண்டுகொள்வான்.

எண்ணிலிருந்து எழுத்துக்குச் செல்லுதல் எளிது. யுனிகோடு முறையில் ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் ஓர் எண் உண்டு. அகரத்துக்குரிய எண் 2949, ககரத்துக்குரியது 2965, உகரக் குறிக்குரியது 3009. ஆதலின் 'கு' என்னும் ஓரெழுத்து கணினிக்குள் இரண்டு எண்களாக நிற்கின்றது. 'குச்சவெளி' என்னும் பெயர் நமக்கு ஐந்தெழுத்து. கணினிக்கோ ஒன்பது குறியீடு. தன் ஊர்ப்பெயரை இவ்வாறு பிரித்துப் பார்க்கும் மாணவன் இலக்கணத்தையும் கணினியையும் ஒருங்கே கற்கின்றான். திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராய் விளங்கிய சுவாமி விபுலாநந்தர், 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர். புதிய அறிவு தாய்மொழி வாயிலாகவே மாணவன் உள்ளத்திற் பதியும் என்னும் அவ்வெண்ணம் கணினிக் கல்விக்கும் பொருந்துவதாகும்.

இனி, கைத்திறன் மட்டும் கல்வியாகாது. விசைகளைத் தட்டவும் படங்களைத் திறக்கவும் பிள்ளைகள் ஆசிரியர் உதவியின்றியே அறிந்துகொள்கின்றனர். கருவியை எதற்குப் பயன்படுத்துவது, எங்கே நிறுத்துவது என்னும் அறிவே கற்பிக்கப்பட வேண்டியது. 1967இல் சிறுவர்க்கென 'லோகோ' என்னும் கணினி மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான சீமோர் பேப்பெர்ட், குழந்தை கணினியை ஆளவேண்டுமேயன்றிக் கணினி குழந்தையை ஆளலாகாது என்னும் கொள்கையினர்.

இதன் இன்றியமையாமையை உணர்த்தத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. இதே கிழக்கு மாகாணத்தின் அம்பாறையில், 2018 பெப்ரவரி இறுதியில், உணவுக் கடையொன்றிற் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்ற வதந்தி எழுந்தது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்கப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபோது அப்பொருள் வெறும் மாவுக்கட்டியே எனத் தெரிந்தது. எனினும் அதற்குள் அப்பொய் சமூக வலைத்தளங்கள் வழியே நாடெங்கும் பரவிவிட்டது. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்திலும் கலகம் மூண்டது. உயிர்களும் உடைமைகளும் அழிந்தன. அக்கலகத்தில் தன் தளம் பயன்படுத்தப்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது.

பொய் பரவும் வேகத்தைக் கணித பாடத்திலேயே விளக்கலாம். ஒருவன் ஒரு செய்தியை ஐவர்க்கு அனுப்ப, அவ்வைவரும் தனித்தனியே வேறு ஐவர்க்கு அனுப்புவரெனக் கொள்க. ஆறாஞ் சுற்றில் மட்டும் 15,625 பேர் அதனைப் பெறுவர். முதற் சுற்றில் ஒருவன் அனுப்பாது நிறுத்துவானாயின், அவன் வழியாகச் செல்லக்கூடிய 3,125 பேர்க்கு அப்பொய் ஆறாஞ் சுற்றிற் செல்லாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலவராய் வாழும் மாவட்டமொன்றில், 'யார் கூறினார்? எப்போது? சான்று யாது?' என்னும் மூன்று வினாக்களைக் கேட்டு நிற்கும் பழக்கம் அயலானின் உயிரைக் காக்கும் பழக்கமாகும்.

தன்னைக் காத்தலும் இதனோடு சேர்ந்ததே. வீட்டில் தந்தையின் கைத்தொலைபேசியைப் பெரும்பாலும் இயக்குவோர் பிள்ளைகளே. வங்கியின் பெயரால் இரகசிய எண்ணைக் கேட்போர்க்கு அதனைக் கூறலாகாது. தன் படத்தையோ பிறர் படத்தையோ இசைவின்றிப் பரப்பலாகாது. குச்சவெளிப் பாறையில் எழுத்தைப் பொறித்தவர் மறைந்தனர், எழுத்தோ நிற்கின்றது. இணையத்திற் பதிந்த சொல்லும் அத்தகையதே. எழுதியவன் அழித்தாலும், அதனைப் பிறர் படியெடுத்திருப்பராயின் அது நிலைத்துவிடும்.

சட்டமும் இங்குத் துணை நிற்கின்றது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிப் பிறர் கணினியுட் புகுதலைக் குற்றமாக்கியுள்ளது. துன்புறுத்தலுக்குள்ளாகும் சிறார்க்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி எண் உண்டு. ஆயினும், பிழை செய்த பிள்ளை அஞ்சாது வந்து கூறத்தக்க ஆசிரியரும் பெற்றோரும் வாய்ப்பின் அதனினும் சிறந்த காவல் வேறில்லை. தொலைபேசியைப் பறித்துப் பூட்டி வைத்தல் பிள்ளையை மறைவிற்குத் தள்ளுமேயன்றித் திருத்தாது.

மீன்பிடிக்கும் தந்தை தன் மகனுக்குத் தோணி செலுத்துதலை மட்டுமா கற்பிக்கின்றார்? எந்நாளிற் கடலுக்குச் செல்லலாகாது என்பதையும் உடன் கற்பிக்கின்றார். கணினிக் கல்வியும் அவ்விரண்டையும் ஒருங்கே தரும்போதுதான் முழுமை பெறும்.