சேற்றின் எடை

எண்ணெய்க் கிணறுகளுக்குள் திரவங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று ஆராய்வது என் தொழில். இதைச் சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் பூமிக்கடியில் ஓர் எண்ணெய் ஏரியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அதில் குழாயை விட்டு உறிஞ்சுகிறோம் என்று நினைப்பு. அப்படி ஏரி எதுவும் கிடையாது. மணற்பாறையின் நுண்துளைகளுக்குள், நனைந்த பஞ்சில் நீர் நிற்பதுபோல, எண்ணெயும் வாயுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நெருக்குண்டு கிடக்கின்றன. ஒரு துளை கிடைத்தால் போதும், மேலே பாய்ந்துவிடும். கிணறு தோண்டும் காலம் முழுவதும் அதைப் பாயவிடாமல் வைத்திருப்பதே பெரும்பாடு.

தடுத்து நிறுத்துவது சேறு. வயல் சேறல்ல, களிமண்ணையும், பேரைட் என்ற கனமான கனிமப் பொடியையும் தண்ணீரிலோ செயற்கை எண்ணெயிலோ கலந்து, எடை பார்த்துத் தயாரிக்கும் துரப்பணச் சேறு. துரப்பணக் குழாயின் உள்வழியே இறங்கி, பாறைத் துகள்களை அள்ளிக்கொண்டு, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையிலுள்ள சந்து வழியாக மேலே வருகிறது. அள்ளும் வேலையைவிட அது சும்மா நிற்கும் வேலைதான் முக்கியம். பல கிலோமீட்டர் உயரச் சேற்றுத் தூணின் எடை, அடியிலிருக்கும் எண்ணெயை அமுக்கிப் பிடிக்கிறது. எடை குறைந்தால் எண்ணெய் உள்ளே புகும். கூடினால் பாறை விரிசல்விட்டுச் சேறு அதற்குள் ஓடிவிடும், தூண் இறங்கும், அப்போதும் எண்ணெய் புகும்.

இந்த இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகலான இடைவெளி இருந்த கிணறு ஒன்று, அமெரிக்காவின் லூயிசியானா கரைக்கு அப்பால் மெக்ஸிகோ வளைகுடாவில் இருந்தது. பெயர் மக்கோண்டோ. (மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' வாசித்தவர்களுக்குத் தெரிந்த ஊர்ப்பெயர்தான்.) கடலின் ஆழம் சுமார் 1500 மீட்டர், கடல்மட்டத்திலிருந்து கிணற்றின் அடி 5600 மீட்டர். தோண்டியது டீப்வாட்டர் ஹொரைஸன் என்ற மிதக்கும் மேடை.

2010 ஏப்ரல் 20. தோண்டி முடித்து, அடியில் சிமெண்ட் போட்டாகிவிட்டது. மேடை வேறிடம் போகவேண்டும். போகுமுன் மேலே 2550 மீட்டர் வரையுள்ள சேற்றை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்புவது திட்டம். சேறு தண்ணீரைப்போல 1.68 மடங்கு கனம்; கடல்நீர் 1.03 மடங்கு. கணக்குப் போட்டால் தூணின் அழுத்தத்தில் சுமார் 160 வளிமண்டலம் குறைகிறது. மிச்சமுள்ள சேறு மட்டும் எண்ணெயை அடக்கப் போதாது. பிறகு சிமெண்ட்தான் காவல். அது தாங்குமா என்று முன்கூட்டியே பார்க்க ஒரு சோதனை உண்டு: அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்துவிட்டு, கிணறு பேசாமல் இருக்கிறதா என்று காத்திருப்பது.

நம்மூர்க் கொத்தனார் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயை வைத்து மட்டம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். இரண்டு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நிற்காவிட்டால் குழாயில் காற்றோ அழுக்கோ அடைத்திருக்கிறது. அன்று மாலை நடந்த சோதனையும் அதுவே. ஒரு முனை துரப்பணக் குழாய். மறுமுனை கடல்தரையில் கிணற்றின் வாயிலுள்ள ராட்சத அடைப்பு இயந்திரத்திலிருந்து வரும் சிறிய பக்கக்குழாய். இரண்டும் சேருமிடம் ஒன்று; இரண்டிலும் கடல்நீர் இருந்தால் ஒரே எண்ணைக் காட்டவேண்டும். துரப்பணக் குழாயில் அழுத்தத்தைப் பூச்சியத்துக்கு இறக்கினார்கள். அடைத்ததும் மறுபடி ஏறியது. கடைசியில் சதுர அங்குலத்துக்கு 1400 பவுண்டு என்று நின்றது. பக்கக்குழாயோ அரைமணி நேரம் சொட்டுக்கூட விடாமல் பூச்சியம் காட்டியது.

எதை நம்புவது? துரப்பணக் குழாயின் எண், மேலே கனமான சேறு அழுத்துவதால் வரும் ஒருவகைப் போலி என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. 'பலூன் விளைவு' என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியொரு விளைவு அங்கே 1400 பவுண்டைத் தராது. ஆனால் மேடையில் பல ஆண்டுகள் உழைத்தவர்கள் சொன்னார்கள்; மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சோதனை தேறியதாகக் கொள்ளப்பட்டது.

பக்கக்குழாய் ஏன் மௌனம் சாதித்தது? சேறும் கடல்நீரும் கலக்காமலிருக்க நடுவில் ஒரு குழம்பை அனுப்புவது வழக்கம். அன்று அனுப்பியது, பாறை விரிசல்களை அடைப்பதற்காகக் கலக்கி மீந்துபோன கெட்டிச் சரக்கு, 400 பீப்பாய்க்கு மேல். கரைக்குக் கொண்டுபோனால் கழிவாக முறைப்படி அகற்றவேண்டும். கிணற்றில் ஒருமுறை ஓடவிட்டால் கடலிலேயே விட்டுவிடலாம். விரிசலை அடைக்கப் பிறந்த அந்தச் சரக்கே பக்கக்குழாயை அடைத்திருக்கலாம் என்று விசாரணை ஆணையம் கருதியது.

புதிதாக வரும் மாணவர்களிடம் கிணற்றின் பெயரைச் சொல்லாமல் இந்த இரண்டு எண்களைத் தருவது என் வழக்கம். பூச்சியத்தை நம்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் பூச்சியம் ரொம்ப அழகான எண்.

சேற்றை வெளியேற்றுவது தொடர்ந்தது. எடை குறையக் குறைய அழுத்தம் இறங்கவேண்டும். 9 மணிக்குப் பிறகு ஏறத் தொடங்கியது. 9.08-க்கு வேறொரு சோதனைக்காகப் பம்புகளை நிறுத்தினார்கள். பம்பு நின்றிருக்கும்போதே 1017-லிருந்து 1263 பவுண்டுக்கு ஏறியது. தள்ளுகிறவர் யாருமில்லாமல் ஏறினால், தள்ளுவது கிணறுதான். செயற்கை எண்ணெய்ச் சேற்றில் இன்னொரு வஞ்சகம் உண்டு: ஆழத்தில் வாயு அதில் கரைந்து ஒளிந்துகொள்ளும். மேலே வந்து அழுத்தம் குறைந்ததும், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல நூறு மடங்குக்கும் மேல் விரிந்து பொங்கும். மேடைத் தளத்தில் சேறு கொட்டத் தொடங்கியபோது, எண்ணெயும் வாயுவும் அடைப்பு இயந்திரத்தைத் தாண்டி ஏறிவிட்டிருந்தன. 9.49-க்கு வெடித்தது. மேடையிலிருந்த 126 பேரில் 11 பேர் இறந்தார்கள்.

அந்தச் சோதனையை நடத்தியாகவேண்டும் என்றோ, விடையை இப்படித்தான் படிக்கவேண்டும் என்றோ அன்றைக்கு அரசு விதி எதுவும் இல்லை. அக்டோபரில் வந்தது.

மே மாதம் மேலிருந்து சேறு செலுத்திப் பார்த்தார்கள்; பீறிட்டுக்கொண்டிருந்த ஓட்டம் அதை வெளியே தள்ளிவிட்டது. 87 நாட்களுக்குப் பின், ஜூலை 15 அன்று புது மூடி போட்டு ஓட்டத்தை நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 3 அன்று, அசையாமல் நின்ற கிணற்றுக்குள் மறுபடி சேற்றை மெதுவாக இறக்கினார்கள். சுமார் 8 மணி நேரத்தில் தூண் நிரம்பி, கிணறு அடங்கியது.