கால்வாய் மீன் கற்பிக்கும் பாடம்

நம் லயத்து வீடுகளின் அருகே ஓடும் கால்வாய்களில் சின்னஞ்சிறு மீன்கள் கூட்டங்கூட்டமாக நீந்துவதை நாம் கண்டிருக்கிறோம். வண்ண வாலுடைய ஆண் மீன்களைச் சிறுவர்கள் போத்தலில் இட்டு வளர்ப்பதும் உண்டு. 'கப்பி' எனப்படும் இம்மீனின் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் அதனை அடுத்துள்ள டிரினிடாட் தீவும் ஆகும். கொசுப் புழுக்களைத் தின்பதால் இது பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டது. மீன்களின் நடத்தை, வாழ்சூழல், பரிணாமம் ஆகியவற்றை ஆராயும் அறிஞர்களிடையே இச்சிறு மீனுக்குத் தனியிடம் உண்டு. அதன் காரணத்தைக் காண்போம்.

டிரினிடாட்டின் மலையோடைகளில் அருவிகள் பல உள்ளன. அருவிக்குக் கீழே கப்பியை விழுங்கும் பெரிய மீன்கள் வாழ்கின்றன. அவை அருவியைத் தாண்டி மேலேற இயலாமையால், மேலே வாழும் கப்பிகளுக்கு ஆபத்து குறைவு. கீழுள்ள ஆண் கப்பிகள் நிறம் மங்கியவை. மேலுள்ளவையோ பளிச்சிடும் வண்ணமுடையவை. வண்ணம் மிகுந்த ஆணையே பெண் மீன்கள் பெரும்பாலும் நாடுகின்றன. ஆனால் அதே வண்ணம் பகை மீனின் கண்ணிலும் படும் அன்றோ!

இதனைச் சோதிக்க விரும்பிய ஜான் எண்ட்லர் என்னும் அறிஞர், 1976-ஆம் ஆண்டில் ஆபத்து மிகுந்த பகுதியிலிருந்து கப்பிகளை எடுத்து, கப்பியே இல்லாத பாதுகாப்பான ஓடையொன்றில் விட்டார். இரண்டே ஆண்டுகளில் அவற்றின் வழிவந்த ஆண் மீன்களிடம் வண்ணப் புள்ளிகள் மிகுந்து காணப்பட்டன. 11 ஆண்டுகளுக்குப் பின், அவ்வோடை மீன்கள் தாமதமாகப் பருவமடைந்து, குறைவாயினும் பெரிய குஞ்சுகளை ஈன்றதை டேவிட் ரெஸ்னிக்கும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்து 1990-இல் வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பேரக்குஞ்சுகளிடமும் இவ்வியல்பு நிலைத்தது. ஆகவே, இஃது வழிவழி வரும் மாற்றமே.

எந்த மீனும் தன் நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ளவில்லை. சூழலுக்கு ஏற்றவை பிழைத்துக் குஞ்சு ஈன்றன, ஏலாதவை குறைந்தன. பால் மிகுந்த இரப்பர் மரங்களைத் தேர்ந்து, கலப்பினம் செய்து, உயர்ந்த இனங்களை ஆய்வாளர்கள் உருவாக்கியதை நாம் அறிவோம். அங்கே தேர்ந்தெடுத்தவன் மனிதன். இங்கே தேர்ந்தெடுத்தது இயற்கை.

இதில் நமக்கும் படிப்பினை உண்டு. புதிய இடத்திற்கு இத்துணை விரைவில் இசைந்துவிடும் மீனை ஆற்றிலோ ஓடையிலோ விடலாகாது. அது பெருகி, அங்குள்ள நம் நாட்டு மீன்களின் உணவுக்கும் இடத்திற்கும் போட்டியாகிவிடக் கூடும். வளர்க்க இயலாத மீனை, வளர்ப்போரிடம் கொடுத்துவிடுவதே முறை.

மேலும், கால்வாயில் கப்பி இருக்கிறதென்று நாம் வாளாவிருத்தலும் தகாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, பால் வெட்டாத மரங்களில் கிடக்கும் மங்குகளில் தேங்கும் மழைநீரிலும் முட்டையிடும். அங்கே கப்பி வாராது. அம்மங்குகளைக் கவிழ்த்து வைக்க வேண்டியவர்கள் நாமே.