உதிரும் கனியும் வீணாவதில்லை

சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தைய நாள், கள்ளழகரை எதிர்கொள்ள மதுரை மாநகரமே வடக்கு நோக்கித் திரளும். பெயரிலேயே மாமரத்தைத் தாங்கிய மூன்றுமாவடியில் எதிர்சேவை கண்டருளி, தல்லாகுளம் பிரசன்ன வேங்கடாசலபதி திருக்கோயிலை அடைகிறார் அழகர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் களைந்த மாலையை அங்கே ஏற்று, தங்கக் குதிரையில் வைகையில் எழுந்தருள்கிறார்.

அழகர் மலைக்குத் திரும்பிய பின் அப்பகுதி இல்லங்களில் இன்னொரு வரவு தொடங்கும். கொல்லைப்புற மாமரங்கள் வைகாசியிலும் ஆனியிலும் ஒருசேரப் பழுக்கும். முதற்கனி பூஜை அறைக்கு, அடுத்தவை அக்கம்பக்கத்தாருக்கு. ஆயினும் நாள்தோறும் உதிர்வதை உண்டு தீர்க்க இயலாது. விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளோ, ஜூன் பிறந்ததும் பள்ளி திறக்கிறதென்று புறப்பட்டுவிடுவர். தாத்தா நட்ட மரத்தின் கனி, யாருக்காக நட்டாரோ அவர்களைச் சேராமல் மண்ணில் அழுகுவது பெரியவர்களின் மனத்தை உறுத்தவே செய்யும்.

இதற்கு முன்னோர் கண்ட வழி, கனியின் கூழை வெயிலில் காயவைத்துத் தகடாக்குவது. ஆந்திரத்தில் இது மாமிடி தாண்ட்ரா. வட மாநிலங்களில் ஆம் பாபட். யாழ்ப்பாணத் தமிழர் பனம்பழக் களியைப் பாயில் பரப்பி உலர்த்தி, பனாட்டு எனப் போற்றினர்.

செய்முறை எளிது, பொறுமை மட்டும் வேண்டும். நன்கு பழுத்த, அழுகலும் புழுவும் இல்லாத பழங்களைத் தோல் சீவி, கூழாக்கி, நார் நீங்க வடிகட்ட வேண்டும். ஒரு கிலோ கூழுக்கு 100 முதல் 150 கிராம் சர்க்கரையும், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் போதும். தண்ணீர் சேர்க்கலாகாது. அடி கனமான பாத்திரத்தில், மிதமான தீயில், கரண்டியில் ஒட்டும் பதம் வரை கிளற வேண்டும். நெய் தடவிய தட்டில் மெல்லியதாகப் பரப்பி, வெள்ளைத் துணியால் மூடி வெயிலில் வைக்கலாம். அந்தி சாயும்முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். முதல் அடுக்கு காய்ந்த பின்னரே அதன்மேல் அடுத்த அடுக்கு. மதுரை வெயிலில் ஓர் அடுக்கு இரண்டு மூன்று நாள்களில் காயும். விரலில் ஒட்டாமல், ஓரத்தைத் தூக்கினால் முழுதாக உரிந்து வருவதே பதம்.

அவசரப்பட்டுத் தடிமனாக ஊற்றினால் மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், பூஞ்சை பிடிக்கும். நீர் வற்றுவதும், இனிப்பும் புளிப்பும் கூடுவதுமே இப்பண்டத்தைக் காக்கின்றன. பழநிப் பஞ்சாமிர்தத்தில் நீர் சேர்க்கப்படாமையும் இங்கு எண்ணத்தக்கது. கொய்யாவில் விதையை வடிகட்டியும், புளிப்பற்ற பப்பாளியில் எலுமிச்சையைக் கூட்டியும் இவ்வாறே செய்யலாம். நீர் வற்றியதால் இனிப்பு செறிந்திருக்கும். சர்க்கரை நோயாளிகள் அளவறிந்து உண்பது நலம்.

சுவை பார்க்கும் முன்பே முதல் துண்டை இறைவனுக்கு நிவேதனம் செய்துவிடல் வேண்டும். எஞ்சியதைத் துண்டுகளாக்கி, ஈரமற்ற டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்தால் சில மாதங்கள் இருக்கும். பழம் போக முடியாத தொலைவுக்கும் இது தபாலில் போய்ச் சேரும்.

கணவர் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றை, பசியோடு வந்த சிவனடியாருக்கு அமுதாக இட்டவர் காரைக்கால் அம்மையார். ஆனிப் பௌர்ணமியையொட்டிக் காரைக்காலில் நிகழும் மாங்கனித் திருவிழா இன்றும் அதனை நினைவூட்டுகிறது. வீட்டுக்கு வரும் அடியாருக்கும் அயலாருக்கும் ஈந்தது போக, தொலைவில் உள்ள பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்க முடியுமானால், மரம் நட்டவரின் எண்ணமும் நிறைவேறும். இறைவன் தந்த கனியும் வீணாகாது.